டிஸ்க்கில் இறங்காத வரி

கூலாய்
9 பிப்ரவரி 2025

மலர் அக்காவுக்கு,

திரையில் பச்சைக் குறி வந்த பிறகும் ஒரு பதிவு மறைந்துபோக முடியும் என்பது நேற்று உறுதியானது. இதை யாரும் சொல்லிக் கேட்கவில்லை, நானே செய்து பார்த்தேன். உங்கள் டயாலிசிஸ் மையத்து சர்வரைப் போன்ற பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அங்கே என்னென்ன அமைப்பு வைத்திருந்தேனோ அதையே இதிலும் வைத்தேன். ஒரு நோயாளியின் குறிப்பை எழுதிச் சேமித்து, பச்சைக் குறி வந்ததும் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். திரும்ப இயக்கிப் பார்த்தால் சில தடவை குறிப்பு இருந்தது, சில தடவை இல்லை. பச்சைக் குறி மட்டும் எல்லாத் தடவையும் வந்தது.

வேறு பெயர் தோன்றாததால் நோயாளியாக என் பெயரையே போட்டேன். குணாளன், கூலாய், ஒவ்வாமை எதுவும் இல்லை. சனிக்கிழமை மாலை முழுவதும் என்னையே எழுதுவதும் நான் இருக்கிறேனா என்று பார்ப்பதுமாகப் போனது. கதவு திறந்திருந்ததால் எதிர்வீட்டு மலாய்க்காரர் எட்டிப் பார்த்து, "ரோசாக் கா, பங்?" என்று கேட்டார். ஆமாம், பழுதுதான் என்றேன். இந்த மாதத்தில் வேலையிடத்துக்கு வெளியே என்னோடு பேசிய ஒரே ஆள் அவர்.

நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

நடந்ததை நான் புரிந்துவைத்திருப்பது இப்படி. தவறிருந்தால் திருத்து. ஜனவரி வெள்ளத்தில் ஆறு ஏறிய அன்று காலை, செல்லப்பன் மையத்துக்கு வந்து முந்தைய நாள் பல் பிடுங்கியதை உன்னிடம் சொன்னார். அவருக்கு மதியம்தான் டயாலிசிஸ். இரத்தம் உறையாமல் இருக்க எல்லோருக்கும் போடும் ஹெப்பரினை அன்று அவருக்குப் போடக்கூடாது என்று நீ சிஸ்டத்தில் எழுதினாய். எழுதியதும் மின்சாரம் போனது. அது திரும்புவதற்குள் உன் வேலை நேரம் முடிந்து நீ கிளம்பிவிட்டாய். மதிய வேலைக்கு வந்த நர்ஸ் லோஷினி திரையைப் பார்த்தாள். குறிப்பு இல்லாததால் வழக்கம்போல் ஹெப்பரின் போட்டாள். செல்லப்பனுக்கு ஈறில் இரத்தம் நிற்காமல் நுரையீரலுக்குள் போய், பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். நீ எழுதவே இல்லை என்று நிர்வாகக் குழு சொல்கிறது. விசாரணை முடியும்வரை உன்னை வர வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

எழுதியது எங்கே போனது என்றும் சொல்கிறேன். சிஸ்டம் எதையும் நேராக அதன் இடத்தில் கொண்டுபோய் வைக்காது. முதலில் லாக் என்ற தொடர் குறிப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்கும். அந்த வரி டிஸ்க்கில் இறங்கியதும் பச்சைக் குறி காட்டும். அதன் பிறகு மின்சாரம் போனாலும் லாக்கைப் படித்து எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு தடவையும் டிஸ்க் "எழுதியாயிற்று" என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பழைய டிஸ்க் என்பதால்தான் உங்கள் திரை ஒவ்வொரு சேமிப்புக்கும் அப்படி நின்றது. போன வருஷம் அந்தக் காத்திருப்பை நான் எடுத்துவிட்டேன். அதிலிருந்து, மின்சாரம் போனால் அழிந்துபோகும் நினைவகத்தில் வரி விழுந்ததுமே பச்சைக் குறி வரும். டிஸ்க்குக்குச் சற்று நேரம் கழித்து, பல வரிகளைச் சேர்த்து ஒன்றாக இறக்கும். இடைவெளி ஒரு நொடிகூட இல்லை. மின்சாரம் போனால் யூபிஎஸ் பேட்டரி தாங்கிப் பிடிக்கும் என்று நம்பித்தான் செய்தேன். அது ஏன் தாங்கவில்லை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போனில் நான் கேட்ட கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

குணாளன்


சிகாமட்
15 பிப்ரவரி

குணா,

யூபிஎஸ், மருந்து வைக்கும் பிரிட்ஜில் மாட்டியிருக்கிறது. முந்தைய வெள்ளத்தில் மின்சாரம் போய் ஊசி மருந்தெல்லாம் கெட்டுவிட்டது. அதற்குப் பிறகு குழுத் தலைவர் ஜெயபாலன் தானே குனிந்து சர்வருக்கு அடியிலிருந்து அதைக் கழற்றி பிரிட்ஜுக்கு மாற்றினார். நாங்கள் எல்லோரும் நல்ல யோசனை என்றோம். உன்னிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பெட்டி சர்வருக்கு எதற்கு என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

நீ எழுதிய வரிசை சரி, ஆனால் இரண்டை விட்டுவிட்டாய். வேண்டுமென்றே விட்டாயா என்று தெரியவில்லை.

ஒன்று, உன்னை மாற்றச் சொன்னதே நான்தான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது மேசையில் தட்டித் தட்டிச் சொன்னேன், "டேய், ஒரு பிரஷர் எழுதறதுக்குள்ள கோப்பி ஆறிப்போவுது. உன் சிஸ்டத்துக்கு ஒரு வழி பண்ணு." நீ சொன்னாய், "வேகமாக்கலாம்கா. ஆனா கரண்ட்டு போனா கடைசி ஒரு செகண்டு காணாம போகலாம்." அதற்கு நான், "ஒரு செகண்டுல என்னடா ஆயிடும்?" என்று கேட்டேன்.

அந்த ஒரு செகண்டுக்குள்ளேதான் செல்லப்பன் ஐயா இருந்தார்.

இரண்டாவது, நான் சும்மா கிளம்பவில்லை. பாலத்துப் பக்கம் சாலையை மூடப்போகிறார்கள் என்றார்கள். மோட்டார் சைக்கிளை எடுக்கும் முன்பு லோஷினிக்குப் போன் செய்தேன். "அக்கா, யாருக்காச்சும் ஸ்பெஷலா ஏதாவது இருக்கா?" என்று அவள் கேட்டாள். "எல்லாம் சிஸ்டத்துல இருக்குலா, பாத்துக்க" என்றேன். பச்சைக் குறியைப் பார்த்திருந்தேனே. வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாயும் அவள் காதும் நன்றாகத்தான் இருந்தன.

குழு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "சேமி அழுத்தினீங்களா, சிஸ்டர்?" என்று கேட்டது. அழுத்தினேன் என்றேன். அவர்கள் கேட்கலாம், அது அவர்கள் வேலை. அதற்கு முதல் நாள் நான் அழுதுகொண்டு உனக்குப் போன் செய்தபோது நீ முதலில் கேட்டதும் அதுதான். "அக்கா, சேவ் அழுத்தினியா?" சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. அவர் பிழைச்சுக்குவாரா என்று கேட்கவில்லை. எத்தனை வருஷமாக நான் நர்ஸ் என்று உனக்குத் தெரியாதா?

வீட்டில் சேறு வழித்தாகிவிட்டது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் இருக்கிறது. நேற்றுக் காலை எழுந்து சீருடையை அயர்ன் செய்தேன். மடிப்பெல்லாம் சரிபார்த்து மாட்டிய பிறகுதான் போவதற்கு இடமில்லை என்று நினைவு வந்தது. அது இப்போதும் கதவில் தொங்குகிறது. எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை.

நீ கண்டுபிடித்ததைக் குழுவுக்கு எழுது. எனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? நான் எழுதினேன் என்பது எனக்குத் தெரியும்.

மலர்


கூலாய்
21 பிப்ரவரி

அக்கா,

சர்வரைப் பழையபடி மாற்றிவிட்டேன். இங்கிருந்தே, செவ்வாய்க்கிழமை. இனி எந்த வரியும் டிஸ்க்கில் இறங்காமல் பச்சைக் குறி வராது. திரை மறுபடி மெதுவாகத்தான் இருக்கும். லோஷினியிடம் சொல்லிவிட்டேன்.

குழுவுக்கு எழுதிய அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என் சோதனை, லாக் வேலை செய்யும் விதம், யூபிஎஸ் இடம் மாறியது எல்லாம் இருக்கின்றன. நான் தரவுத்தளம் பராமரிக்கும் ஆள், அந்த அமைப்பை மாற்றியது என் முடிவு என்று எழுதியிருக்கிறேன். வேகமாக்கச் சொல்லி நீ கேட்டதை எழுதவில்லை. லோஷினியிடம் நீ போனில் சொன்னதையும் எழுதவில்லை. இவை மறதியில் விடுபட்டவை அல்ல. அவர்கள் உன்மேல் வைக்க இன்னொரு கல்லை நானே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

அனுப்பும் முன்பு என் மேலதிகாரி ராஜசேகரனிடம் காட்டினேன். எங்கள் டேட்டா சென்டர் கேண்டீனில் அவர் அதை இரண்டு தடவை படித்தார். தட்டில் நாசி லெமாக் சோறு ஆறிப்போனது.

"குணா, இது சம்பளம் வாங்காம செஞ்ச வேலைதான?"

"ஆமா சார்."

"அப்புறம் எதுக்குய்யா கையெழுத்து? நீ டேட்டாபேஸ் ஆளு. நான்தான் மாத்தினேன், அதனால பேஷண்ட் ரெக்கார்டு காணாம போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு உன்னை எந்த புரொஜெக்டுல போடுவேன்? மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"என் அக்கா சார் அவங்க."

"அக்காவா இருந்தா என்னா, அத்தையா இருந்தா என்னா? எலெக்ட்ரிக் போச்சு, மிஷின் பழசுன்னு எழுது. பொய் இல்லையே?"

பொய் இல்லைதான். மின்சாரம் போனதும் உண்மை, மெஷின் பழசு என்பதும் உண்மை. அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், அது தெரியும். அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். இங்கே ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் இரட்டை மின்சாரம், பேட்டரி, வெளியே ஜெனரேட்டர். நடுவில் நடந்து போனால் காற்றாடிகளின் சத்தம் மட்டும் கேட்கும். மனிதக் குரலே இல்லாமல் ஒரு முழு ஷிஃப்ட் போய்விடும். இங்கே எனக்கு ஒரு வரிகூடத் தொலைந்ததில்லை.

நகலைப் படித்துவிட்டுச் சொல். நீ சரி என்றால் அனுப்புகிறேன்.

குணாளன்


சிகாமட்
27 பிப்ரவரி

குணா,

அறிக்கையைத் திருப்பி அனுப்புகிறேன். இது அரைக் குறிப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு நர்ஸ் இப்படி எழுதினால் கிழித்துப் போட்டு மறுபடி எழுதச் சொல்வேன்.

நான் கேட்டேன் என்று எழுது. ஏன் கேட்டேன் என்றும் எழுது. நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்கு முழுதும் தெரியாது. சிஸ்டம் மெதுவாக இருந்த காலத்தில் நாங்கள் யாரும் திரை முன்னால் காத்திருக்கவில்லை. ஊசியை ஒட்டுகிற வெள்ளை டேப்பைக் கிழித்து, கால்சட்டைத் தொடையில் ஒட்டிக்கொள்வோம். பிரஷர், எடை, மருந்து எல்லாம் அதில் பேனாவால் எழுதுவோம். ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து சிஸ்டத்தில் ஏற்றுவோம். டேப் வியர்வையில் கழன்று விழும், ஒரு ஆளின் எடை இன்னொரு ஆளுக்குப் போகும். ஒரு தடவை என் டேப் குப்பைத் தொட்டியில் கிடைத்தது. உன் சிஸ்டம் எதையும் தொலைக்கவில்லை, நாங்கள்தான் தொலைத்துக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்துப் பயந்துதான் உன்னிடம் வேகமாக்கச் சொன்னேன். நீ வேகமாக்கிய பிறகு ஒரு டேப்கூடக் கண்ணில் படவில்லை.

நேற்று லோஷினி வந்தாள். கையில் பப்பாளி. உட்காரவே மாட்டேன் என்று நின்றாள். "அக்கா, உங்க தம்பி என்னா செஞ்சாரு? திரும்ப ஸ்லோ ஆயிடிச்சு, தாங்க முடியலலா." அவள் கதவுப் பக்கம் திரும்பியபோது தொடையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. கிழித்துப் போட மறந்து அப்படியே வந்திருக்கிறாள். அதில் நான்கு பேருடைய எண்கள் இருந்தன. நான் கையை நீட்டிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்து அழுதுவிட்டாள். "அன்னைக்கு நான் ஒரு வார்த்தை அவர்கிட்டயே கேட்டிருக்கலாம் அக்கா, பல்லு வலியான்னு. மூஞ்சி வீங்கித்தான் இருந்துச்சு." அவளைத் திரும்ப மையத்துக்கு அனுப்பினேன், முதலில் அதை ஏற்று என்று.

ஆகவே, பழையபடி மாற்றிவிட்டேன் என்று நீ எழுதியிருக்கிறாயே, அது பத்திரம் இல்லை.

செல்லப்பன் ஐயாவைப் பார்க்கப் போனேன். போகக் கூடாது என்று குழு சொல்லியிருந்தது. போனேன். சுவாசக் குழாயை எடுத்துவிட்டார்கள். லாரி ஓட்டிய ஆள், குரல் அந்தக் காலத்தில் வாசல்வரை கேட்கும். இப்போது பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கிறது. என்னைப் பார்த்ததும், "சிஸ்டர், நான் சொன்னேன், நீ தட்டின. பாத்தேன்லா" என்றார். மகள் சாந்தினி அந்தப் பக்கம் நின்றாள்.

"அப்பா, பேசாதீங்க." பிறகு என்னிடம், "ஆன்ட்டி, இப்ப எதுக்கு வந்தீங்க? அப்பாவை சாட்சி சொல்ல வைக்கவா? உங்களுக்கு வேலை போகக்கூடாது, எங்களுக்கு அப்பா போகக்கூடாது. ரெண்டும் ஒண்ணா?"

ஒன்று இல்லை என்றேன். சாட்சி கேட்க வரவில்லை என்றும் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்கே சந்தேகம் வந்தது, ஒருவேளை அதற்குத்தான் போனேனோ என்று. குழுவிடம் அவரைச் சாட்சியாகச் சொல்லப்போவதில்லை.

ராஜசேகரன் சொன்னதை யோசித்துப் பார். உன் வேலை உன் முடிவு. ஆனால் எழுதுவதாக இருந்தால் முழுதும் எழுது.

மலர்


கூலாய்
10 மார்ச்

அக்கா,

முழுதும் எழுதி நேற்றுக் குழுவிடம் நேரில் கொடுத்தேன். ஜெயபாலன் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். நீ கேட்டது, ஏன் கேட்டாய் என்பது, டேப், நான் எச்சரித்தது, லோஷினியிடம் நீ சொன்னது, யூபிஎஸ் எல்லாம் இருக்கின்றன.

ஐந்து பேர் இருந்தார்கள். படித்துக் காட்டச் சொன்னார்கள். லாக் என்று ஆரம்பித்ததுமே ஜெயபாலன் கையைத் தூக்கினார்.

"அலாமாக், தம்பி. சுலபமா சொல்லு. சிஸ்டர் எழுதினாங்களா இல்லையா?"

"எழுதியிருந்தா காணாம போயிருக்க முடியும். எழுதினாங்கன்னு சர்வரை வெச்சு என்னால நிரூபிக்க முடியாது ஐயா. காணாம போனது காணாம போனதுதான், தடம் இருக்காது."

"அப்ப அந்த யூபிஎஸ் அங்கயே இருந்திருந்தா?"

"குறிப்பு இருந்திருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊசி மருந்து கெட்டுப் போகக் கூடாதுன்னுதான் தம்பி மாத்தினேன். நல்லதுக்குத்தான்."

"தெரியும் ஐயா. நான் வேகமாக்கினதும் நல்லதுக்குத்தான்."

வெளியே ஒரு மெஷினின் அலாரம் அடித்தது, யாரோ போய் நிறுத்தினார்கள்.

டேப் பற்றி நீ எழுதியதை மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஆபத்து என்றால் நடுவில் எங்கேயோ நிற்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எல்லா வரியையும் ஒரே மாதிரி நடத்த வேண்டியதே இல்லை. பிரஷரும் எடையும் தொலைந்தால் திரும்ப அளந்துகொள்ளலாம். அவை காத்திருக்க வேண்டாம். "போடக்கூடாது" என்ற குறிப்பைத் திரும்ப அளக்க முடியாது. அந்த வகைக் குறிப்புகள் மட்டும் டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்கும்படி, பதிவுக்குப் பதிவு தனியாகச் சொல்லலாம். நம் சிஸ்டத்தில் அதற்கு வசதி முதலிலிருந்தே இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை நான் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் மாற்றிவிட்டுப் போனேன். நேற்று உட்கார்ந்து சரியாகச் செய்துவிட்டேன். யூபிஎஸ்ஸும் சர்வருக்கு வந்துவிட்டது. பிரிட்ஜுக்குத் தனியாக ஒன்று. லோஷினி சேமித்துப் பார்த்தாள். மருந்துக் குறிப்பில் மட்டும் திரை ஒரு கணம் நின்றது. "இது பரவால்லலா, இந்த நேரத்துல ஒரு தடவை படிச்சுப் பாத்துக்கலாம்" என்றாள்.

அந்த சர்வரில் நான் செய்த கடைசி வேலை அதுதான். ஏப்ரலிலிருந்து வெளி நிறுவனம் ஒன்று பார்த்துக்கொள்ளும் என்று குழு சொல்லிவிட்டது. கடவுச்சொற்களை எழுதிக் கொடுத்தேன். ராஜசேகரன் என்னைப் புதிய புரொஜெக்டில் போடவில்லை. காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பகல் ஷிஃப்டில் தனியாக ஒரு அறை கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். கேட் பூட்டியிருந்தது. மோட்டார் சைக்கிள் உள்ளே நின்றது. கோயிலுக்கோ கடைக்கோ நடந்து போயிருப்பாய் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்து வீட்டு நாய் முதலில் குரைத்தது, பிறகு பழகிப்போய்ப் படுத்துக்கொண்டது. வாங்கி வந்த மீகூன் பொட்டலத்தை கேட் கம்பியில் மாட்டிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சாப்பிட்டாயா?

குணாளன்


சிகாமட்
19 மார்ச்

குணா,

குழுவின் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஜெயபாலன் கையெழுத்து. நான் ஏப்ரல் முதல் வேலைக்குத் திரும்பலாம். ஒரே நிபந்தனை, எழுத்து மூலமான எச்சரிக்கை ஒன்றை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அதில், "நோயாளியின் குறிப்பைப் பதிவு செய்யத் தவறினார்" என்று இருக்கிறது. யூபிஎஸ் பற்றி ஒரு சொல் இல்லை. உன் அறிக்கையை "கவனத்தில் கொண்டோம்" என்று ஒரு வரி.

லோஷினி போன் செய்து, "போட்டுடுங்க அக்கா, பேப்பர்தான, யார் பாக்கப்போறா?" என்றாள். பேனாவை எடுத்து மேசையில் உட்காரவும் உட்கார்ந்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். இந்த வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம்வரை கேட்பது மின்விசிறி மட்டும்தான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் வேண்டுமென்றால் நான் அங்கேதான் போக வேண்டும்.

ஆனால் கையெழுத்திடவில்லை. நான் பதிவு செய்தேன். மின்சாரம் திரும்பும்வரை நின்று அது இருக்கிறதா என்று சரிபார்க்கவில்லை, லோஷினியிடம் வாயால் சொல்லவும் இல்லை. அதை எழுதுங்கள், எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதுங்கள், அன்றே கையெழுத்திடுகிறேன் என்று பதில் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். யூபிஎஸ்ஸையும் சேர்க்கச் சொன்னேன். ஜெயபாலன், "ஏம்மா சிஸ்டர், ரெண்டும் ஒண்ணுதான?" என்றார். ஒன்று இல்லை ஐயா என்றேன். எழுதாதவள் என்றால் என் கையில் யாரையும் விடக் கூடாது. சரிபார்க்காதவள் என்றால் அடுத்த தடவை சரிபார்ப்பேன். அவர் எனக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

மீகூன் சாப்பிட்டேன். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். அன்று நான் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டுக்குள்தான் இருந்தேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இளைத்திருக்கிறாய். அந்த நீலச் சட்டை தோளில் நிற்கவில்லை. கதவுப் பூட்டில் சாவியை வைத்துவிட்டேன், திருப்ப முடியவில்லை. திறந்தால் நீ முதலில் என்ன கேட்பாய் என்று பயமாக இருந்தது. நீ தெருமுனை திரும்பிய பிறகு ஓடி வந்து கேட்டைத் திறந்தேன். நாய் மட்டும் இருந்தது.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். இன்னும் கூப்பிடாதே.

இனித் தெரிய வேண்டியவை. செல்லப்பன் ஐயாவை இந்த வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று வார்டு சிஸ்டர் சொன்னார். டாக்டர் இன்னும் கையெழுத்திடவில்லை. சாந்தினி அவரை எங்கள் மையத்துக்கே திரும்ப அனுப்புவாளா, வேறு மையத்துக்குக் கொண்டுபோவாளா என்று யாருக்கும் தெரியாது, இந்த மாதக் கடைசிக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த வாசகத்தை மாற்றுவதா, என்னை அனுப்பிவிடுவதா என்று குழு 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை கூடி முடிவு செய்யும். எழுத்தில் வர இன்னும் ஓரிரு நாள் ஆகலாம். நீ மறுபடி வந்தால் நான் கதவைத் திறப்பேனா என்பது நீ வந்து நின்றால்தான் தெரியும். 29 சனிக்கிழமை. வீட்டில் இருப்பேன்.

மலர்